விடுநூல்: பிளஸ் டூ வேதியியலில் எதை விடுவது என்பது குறித்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தேர்வுக்கு எதைப் படிப்பது என்பது ஒரு கேள்வியே அல்ல. எல்லாவற்றையும் படிக்க வேண்டும். இதில் மாணவர், பெற்றோர், ஆசிரியர், பள்ளிக்கல்வித் துறை ஆகிய நால்வருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது: எதை விடுவது? பிப்ரவரிக் கடைசியில் முளைத்து, தேர்வன்று காலை பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே புத்தகத்தைப் பையில் திணிக்கும் நிமிஷம் வரை வளரும் இந்தச் சிந்தனைக்கு ஒரு முனைவர் பட்டம் தகும். அது கிடைக்காத நிலையில் இந்தக் கட்டுரை. ஆய்வின் முடிவு கடைசிப் பகுதியில் உள்ளது. கடைசிப் பாடத்தை விடும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க.

1. ஆய்வுக் களம்

களமாக இவ்விரு மாவட்டங்களைக் கொண்டதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, வேதியியல் காரணம். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் அரியலூர் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே கலனில் நடந்தால் அது மீள்வினை. நடுவே இரட்டை அம்புக்குறி போட வேண்டும். ஒற்றை அம்பு போட்டால் அரை மதிப்பெண் போய்விடும். வினையூக்கி கோட்டையிலிருந்து வந்தது. ‘இவ்வினை சமநிலையை எட்டிவிட்டதா?’ என்று மூன்று மதிப்பெண்ணுக்குக் கேட்டால், 2007-க்குப் பிறகு அம்பு அசையவில்லை என்று எழுதலாம். அழுத்தம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு லீ சாட்லியரைத் துணைக்குக் கூப்பிடலாம்.

இரண்டாவது, தேர்வு முடிவுகள். 2022 பிளஸ் டூவில் தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர்: 97.95 விழுக்காடு. 2023 பத்தாம் வகுப்பில் முதலிடம் மீண்டும் பெரம்பலூர்: 97.67. 2024 பத்தாம் வகுப்பில் முதலிடம் அரியலூர்: 97.31. 2025 பிளஸ் டூவில் முதலிடம் அரியலூர்: 98.82. பின்தங்கிய மாவட்டம் என்று மேடைக்கு மேடை தொடங்கியவர்கள் முதல் வரியை மாற்ற வேண்டியதாயிற்று. பெரம்பலூர் ஊருக்கு இன்னும் ரயில் வரவில்லை, முதலிடம் வந்துவிட்டது. எதை விடுவது என்று இந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

மூன்றாவது, நிலம். இங்கே வேதியியல் காலுக்கடியில் கிடக்கிறது. அது தனிப் பகுதியாகப் பின்னர் வரும்.

ஆய்வின் எல்லையும் இங்கேயே சொல்லத்தக்கது. நீட் இதில் அடங்காது. அரியலூர் மாவட்டத்தில் அந்தச் சொல்லை வைத்து யாரும் சிரிப்பதில்லை, இக்கட்டுரையும் சிரிக்காது.

2. ஆய்வுப் பொருள்

பொருள் இரண்டு: புத்தகமும் வினாத்தாளும்.

புத்தகம் இரண்டு தொகுதி, பதினைந்து பாடம். முதல் தொகுதியில் உலோகவியல் தொடங்கி வேதிவினை வேகவியல் வரை ஏழு. இரண்டாம் தொகுதியில் அயனிச் சமநிலை தொடங்கி அன்றாட வாழ்வில் வேதியியல் வரை எட்டு. முதல் தொகுதியின் அட்டை மார்ச்சில் கிழிந்திருக்கும். இரண்டாம் தொகுதியின் அட்டை, அடுத்த வருஷம் தம்பிக்குக் கொடுக்கிற அளவுக்கு நன்றாக இருக்கும்.

வினாத்தாள் 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 15. எல்லாமே எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண் வினா 9. அதில் ஆறு எழுத வேண்டும். மூன்று மதிப்பெண் வினாவும் 9, அதிலும் ஆறு. ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து வினா, ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ போட்டு இன்னொன்று. இதை யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா? பதினைந்து, பதினெட்டு, இருபத்தேழு, ஐம்பது. ஆக மொத்தம் 110. அச்சடித்துத் தருவது 110, எழுதச் சொல்வது 70. மிச்சம் 40 மதிப்பெண்ணை நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையும் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே விடுவது சோம்பேறித்தனம் அல்ல. தேர்வுத்துறை வகுத்த நெறி.

ஆனால் நெறிக்கு இரண்டு பூட்டு உண்டு. 24-ஆம் வினாவும் 33-ஆம் வினாவும் கட்டாயம். சாய்ஸில் விட முடியாது. ஒரு மதிப்பெண் பகுதியிலோ சாய்ஸே கிடையாது. அது பதினைந்து பாடத்தின் எந்த மூலையிலிருந்தும் எழுந்து வரும். நாலு விடையில் ஒன்றை இங்கி பிங்கி பாங்கி போட்டு எடுத்தால், பதினைந்துக்குச் சராசரி 3.75 என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. அந்த முக்கால் மதிப்பெண்ணைப் போட்ட திருத்துநர் இதுவரை பிறக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எழுத்துத் தேர்வில் தேறக் குறைந்தது 15 வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35. பதினைந்து ஒன் மார்க்கையும் சரியாகப் போட்டுவிட்டால் எழுத்துத் தேர்வின் நிலைப்படியைத் தாண்டியாயிற்று. ‘ஒன் மார்க்கை மட்டும் பாத்துக்கடா, பாஸ் ஆயிடுவ’ என்று மெல்லக் கற்போரிடம் ஆசிரியர் சொல்வதன் கணித அடிப்படை இதுவே. அது தவறான கணக்கு அல்ல. ஆனால் அந்தப் பதினைந்துக்குத்தான் புத்தகம் முழுவதும் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர் அந்த நேரத்தில் சொல்வதில்லை.

விடுவோருக்கு ஒரு பொற்காலம் இருந்தது. வேதியியலுக்கு 200 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. பாடம் 22 என்று இருந்த நாள். அன்று புளூ பிரிண்ட் என்று ஒன்று உண்டு: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்ற பட்டியல். அதை வைத்துக்கொண்டு ‘இந்த மூணு பாடத்தையும் தூக்கிரலாம்’ என்று கணக்குப் போட்டு விட்டவர்கள் உண்டு. நூறு மதிப்பெண் முறை வந்தபோது புளூ பிரிண்ட் போயிற்று. அதன் பிறகு புத்தகமும் மாறிற்று. மாறாதது பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர்தான். “தம்பி, அணுக்கரு வேதியியல மட்டும் விட்டுடாத, ஈஸியா மார்க் எடுத்துடலாம்” என்று அவர் இன்றும் வாசலில் நின்று சொல்கிறார். இப்போதைய பிளஸ் டூ புத்தகத்தில் அணுக்கரு வேதியியல் என்று ஒரு பாடமே இல்லை. விடாதே என்று சொல்லப்படும் பாடத்தைப் பாடநூலே விட்டுவிட்டது.

3. நூற்பாவும் உரையும்

எடுத்தலும் விடுத்தலும் எனஇரண் டாகி
விடுத்தலே மிகுவது தெரிவெனப் படுமே.

என் நுதலிற்றோ எனின், தேர்வுக்கு முந்தின இரவில் நிகழ்வதன் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. ‘மிகுவது’ என்றார், எடுக்கும் பாடம் சிலவும் விடுக்கும் பாடம் பலவும் ஆதலின். ‘விடுத்தலே’ என்னும் ஏகாரம் தேற்றம். எடுத்துக்காட்டு வருமாறு.

செந்துறைப் பக்கம் ஒரு வீடு. இரவு எட்டரை. திண்ணையில் ட்யூப் லைட், அதைச் சுற்றிப் பூச்சி. பையனுக்கு முன்னால் இரண்டு தொகுதியும், ஒரு சிவப்புப் பேனாவும், ஒரு ஸ்கேலும். வெள்ளைத் தாளில் கோடு போட்டு நேர அட்டவணை எழுதுகிறான். 8.30 முதல் 9.15 வரை உலோகவியல். 9.15 முதல் 10.00 வரை பி-தொகுதி தனிமங்கள். தலைப்புக்கு அடியில் இரட்டைக் கோடு. ஓரத்தில் பூ.

உள்ளேயிருந்து அம்மா:

“என்னடா, புக்க விரிச்சு வச்சிட்டு என்ன பண்ற?”

“எதப் படிக்கிறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேம்மா.”

“சாயங்காலத்துலேருந்து அததான பாக்குற.”

“சும்மா எடுத்த ஒடனே படிச்சிட முடியாதும்மா. எது வரும்னு தெரியணும்ல?”

“வராததையா புக்குல போட்டு வச்சிருக்கான்?”

இந்தக் கடைசி வினா கட்டாய வினா வகையைச் சேர்ந்தது. பையனிடம் விடை இல்லை. மணி 9.10 ஆகிவிட்டதால், அட்டவணையை 9.30-இலிருந்து தொடங்கும்படி புதிதாக எழுத அவன் இன்னொரு தாளை எடுக்கிறான்.

ஒரு வினை தொடங்குவதற்கு மூலக்கூறுகள் ஒரு தடையைத் தாண்ட வேண்டும் என்றும், அதற்குக் கிளர்வு ஆற்றல் வேண்டும் என்றும் ஏழாம் பாடம் சொல்கிறது. அர்ரீனியஸ் இதற்கு ஒரு சமன்பாடே கொடுத்திருக்கிறார். 1903-இல் நோபல் பரிசும் பெற்றார், வேறொரு வேலைக்காக. அட்டவணை எழுதுவது அந்தத் தடையின் அடிவாரத்திலேயே சுற்றிச் சுற்றி நடப்பது. அவ்வளவு நடந்ததில் கால் வலிக்கும், உயரம் ஏறியிருக்காது.

4. விடுவோர் மதங்கள்

நன்னூலார் நூலுக்கு உத்தி முப்பத்திரண்டு என்றார். பிளஸ் டூ மாணவர் ஆறோடு நிறுத்திக்கொண்டார்.

(அ) முதற்பாட மதம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது. காலாண்டுக்கு முதல் பாடம், அரையாண்டுக்கு முதல் பாடம், இரண்டு திருப்புதல் தேர்வுக்கும் முதல் பாடம். இதன் விளைவை ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமலே காணலாம். புத்தகத்தை மூடி, பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். உலோகவியல் வருகிற இடத்தில் தாளின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். பிறகு சாம்பல் நிறம். அணைவு வேதியியலைத் தாண்டியதும் வெள்ளை. இரு மாவட்டங்களிலும் நுரை மிதப்பு முறை தெரியாத பிள்ளை கிடையாது. பைன் எண்ணெய் எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். வெர்னர் கொள்கையைக் கேட்டால் தூக்கம் வரும்.

(ஆ) புக் பேக் மதம். பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள் மட்டும் வேதம். பாடம் என்பது அவற்றுக்கு எழுதப்பட்ட நீண்ட முன்னுரை. இம்மதத்தார் தேர்வறையில் முதல் பக்கத்தைப் பார்த்ததும் “புக் இன்சைடுலேருந்து கேட்டுட்டாங்க” என்று அதிர்வார்கள். புத்தகத்துக்குள்ளிருந்து கேள்வி வந்ததை அநியாயமாகக் கருதும் ஒரே கல்விமரபு இது.

(இ) வந்தது வரும் மதமும், வந்தது வராது மதமும். இரண்டும் ஒரே சான்றை வைத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுக்கு வருபவை. போன மார்ச்சில் லாந்தனைடு குறுக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “அது முக்கியம், அதனாலதான் கேட்டான், திரும்பவும் கேப்பான்” என்பார் முதல் மதத்தார். “அதான் கேட்டுட்டான்ல, இனிமே எதுக்குக் கேக்கப் போறான்” என்பார் இரண்டாம் மதத்தார். இருவருக்கும் நடுவே ஒரு சமரசக் கட்சியும் உண்டு: “மார்ச்சுல வந்தா மார்ச்சுல வராது, துணைத் தேர்வுல வந்தது மார்ச்சுல வரும்.” இந்தப் பூசலில் வினாத்தாள் எடுப்பவர் தலையிடுவதில்லை. அவருக்கு இந்த மூன்று மதமும் தெரியாது என்பதே மூன்றின் அடிப்படைப் பலவீனம்.

(ஈ) நட்சத்திர மதம். ஆசிரியர் ‘இது முக்கியம்’ என்றதும் பக்க ஓரத்தில் ஒரு நட்சத்திரம். ஜூலையில் நட்சத்திரம் அரிது. போட்டால் அதற்கு மதிப்பு உண்டு. அரையாண்டுக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு நட்சத்திரம் விழுந்துவிடுகிறது. ஆகவே முக்கியமானதற்கு இரண்டு போட வேண்டியிருக்கிறது. பிறகு ‘இம்ப்’, ‘வி. இம்ப்’, ‘வி.வி. இம்ப்’. பொருளியலில் இதற்குப் பணவீக்கம் என்று பெயர். பிப்ரவரியில் புத்தகத்தைத் திறந்தால் அது அமாவாசை வானம். நட்சத்திரமே இல்லாத பத்தி எதுவென்று தேடினால், கண்ணுக்குப் படுவது ‘பாடச் சுருக்கம்’ ஒன்றுதான். உண்மையில் அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

(உ) ஜெராக்ஸ் மதம். ‘இது மட்டும் படித்தால் போதும்’ என்ற தலைப்போடு கைமாறும் தாள்கள். இரண்டு பக்கமாகப் பிறந்து, ஒவ்வொரு கையிலும் இரண்டு பக்கம் வளர்ந்து, கடைசியில் ஸ்பைரல் பைண்டிங் போடும் பருமனை அடைகின்றன. நகலின் நகலின் நகலில் கீழ்க்குறி எண்கள் கரைந்து போகும். கந்தக அமிலத்தில் ஆக்சிஜன் எத்தனை என்பது ஜெராக்ஸ் கடைக்காரரின் டோனரைப் பொறுத்தது. இத்தாள்களைச் சேகரிப்பதே படிப்பு என்று கொள்வார் இம்மதத்துத் தீவிரவாதிகள். வாட்ஸ்அப் வந்த பிறகு சேகரிக்க நடக்கவும் வேண்டியதில்லை.

(ஊ) கூடிப் படிக்கும் மதம். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ 1853-இலேயே காட்டிவிட்டார். பென்சால்டிஹைடை அடர் காரத்தோடு சேர்த்தால், இரண்டு மூலக்கூறில் ஒன்று ஆக்சிஜனேற்றம் அடைந்து பென்சோயேட் ஆகிறது. மற்றொன்று ஒடுங்கி பென்சைல் ஆல்கஹால் ஆகிறது. இரண்டும் ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் இருந்தவைதாம். பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தருகே ஒரு மாடியறையில் கூடிப் படித்த நண்பர் இருவரில் ஒருவர் கோயம்புத்தூரில் பொறியியல் சேர்வதும், மற்றவர் துணைத் தேர்வு எழுதுவதும் இவ்வினை வழிமுறையால் விளங்கும். யார் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, மூலக்கூறுகளுக்கே தெரியாது.

5. மண்ணும் பாடமும்

பாடத்தை ஊரோடு சேர்த்துப் படித்தால் மறக்காது என்பது கல்வியாளர் கொள்கை. அரியலூரில் அதைச் சோதிக்கலாம்.

ஒரு காலத்தில் இந்த நிலம் கடல். டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் சிப்பியும் நத்தையும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் அரசின் சிமென்ட் ஆலை 1979-இலிருந்து ஓடுகிறது. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று சுற்றிலும் தனியார் ஆலைகள். கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும். சாலையோர வேப்பிலைகூடச் சாம்பல் நிறமாக இருக்கும் இந்த மாவட்டத்தில், லாரிக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இந்தச் சமன்பாடு மூக்கு வழியாகவே மனப்பாடம். இதைத் தேர்வில் கேட்பார்களா? சந்தேகம்தான். கால்சியம் பிளஸ் ஒன் புத்தகத்தில், காரமண் உலோகங்கள் பாடத்தில் இருக்கிறது. மாவட்டமே எதன்மேல் நிற்கிறதோ அது போன வருஷத்துப் பாடம்.

பெரம்பலூருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி வருஷத்துக்கு முந்தையது; மரத்தின் நாரெல்லாம் போய் அந்த இடத்தில் சிலிக்கா ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிலிக்கேட்டுகள் பிளஸ் டூ இரண்டாம் பாடத்தில் இருக்கின்றன. சுற்றுலா போய் அதன் முன்னால் செல்ஃபி எடுத்தவர்கள் பலர். அது இரண்டாம் பாடத்தைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டவர் சிலர்.

பதினோராம் பாடத்துக்கு ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் போக வேண்டும். மார்ச் மாதம் முந்திரிக் கொட்டை விழத் தொடங்கும் பருவம். தோலை உடைக்கும்போது கசியும் எண்ணெய் பட்டால் விரல் நுனி வெந்து, கறுத்து, உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் படும். அந்த எண்ணெயில் இருப்பவை பீனால் வகைச் சேர்மங்கள். பள்ளி விட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை உடைத்த பெண், ராத்திரி அதே கறுத்த விரலால் பக்கத்தைப் புரட்டி, ‘பீனாலின் அமிலத்தன்மை’ என்ற தலைப்பைப் பார்த்து, “இது கஷ்டம், விட்டுடலாம்” என்று முடிவெடுக்கிறாள். பீனால் அவளை விடவில்லை. கட்டைவிரல் ரேகை பக்கத்தில் பதிந்திருக்கிறது. கல்வியாளர் கொள்கையின்படி அவளுக்கு அந்த ஐந்து மதிப்பெண் எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். பாடத்தில் முந்திரி என்ற சொல் வந்திருந்தால் கிடைத்திருக்கும்.

6. மறதி வேகவியல்

விட்டது இருக்கட்டும். படித்தது எங்கே போகிறது?

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதலில் மளமளவென்று போகிறது. பிறகு மெதுவாகப் போகிறது. நம் பிள்ளைகள் அதே சோதனையை ரீமர்-டீமன், கோல்பே, காப்ரியல் தாலிமைடு, கார்பைலமின் ஆகிய அசைகளைக் கொண்டு வருஷா வருஷம் செய்துவருகிறார்கள்; முடிவில் வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வின் கருதுகோள், மறதி ஒரு முதல்வகை வினை என்பது. முதல்வகை வினையின் அரை வாழ்காலம் 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் வரும். தொடக்கச் செறிவு அதில் வராது. அதாவது, நீ எவ்வளவு படித்தாய் என்பது பொருட்டல்ல; குறிப்பிட்ட நேரத்தில் பாதி போய்விடும். இதைச் சொல்வது ஏழாம் பாடம். ஏழாம் பாடத்தை மறந்தவர்கள் அது ஏன் மறந்தது என்பதற்கான விளக்கத்தையும் கூடவே மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் எபிங்ஹவுஸ் சொன்ன இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முற்றிலும் மறந்துபோனதாகத் தோன்றுவதைத் திரும்பப் படிக்கும்போது, முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. நினைவில் இல்லை என்று நாம் எழுதிவிட்ட கணக்கில் கொஞ்சம் வரவு இருக்கத்தான் செய்கிறது. இந்த வரவுதான் இவ்வாய்வின் முடிவைத் தாங்கி நிற்கிறது.

7. விடுதலில் முன்னோடி

விட்டதற்காகவே பெரும்புகழ் பெற்ற வேதியியலாளர் ஒருவர் உண்டு. மெண்டலீவ். 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டபோது அதில் சில கட்டங்களை அவர் காலியாக விட்டார். பிளஸ் டூ பையன் அப்படி விட்டிருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும். மெண்டலீவுக்கோ 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் வந்து கட்டங்களை நிரப்பின.

விடுவோர் மதத்தார் அனைவரும் இவரைக் குலதெய்வமாகக் கொண்டாடலாம். ஒரே ஒரு தடை. அவர் விட்ட கட்டத்தில் வரப்போகும் தனிமத்தின் அணு நிறை என்ன, அடர்த்தி என்ன, ஆக்சைடு எப்படி இருக்கும் என்பதைச் சுற்றியுள்ள தனிமங்களை வைத்து முன்கூட்டியே சொல்லியிருந்தார். தெரியாமல் விடவில்லை. சுற்றிலும் அவ்வளவு தெரிந்திருந்ததால்தான் அந்த இடத்தை விடத் துணிந்தார்.

8. முடிவுகள்

முதல் முடிவு, கணக்கு வழிப்பட்டது. ஒன்பதில் ஆறு எழுதச் சொன்னால், மூன்றை விடும் உரிமை எல்லோருக்கும் கிடைக்கிறது என்று தோன்றும். இல்லை. ஒன்பதும் தெரிந்தவர் மூன்றை விடலாம். ஏழு தெரிந்தவர் ஒன்றை விடலாம். ஆறு தெரிந்தவருக்கு விட எதுவும் இல்லை; வந்ததை எழுத வேண்டியதுதான். ஐந்து தெரிந்தவர் மிச்சம் நான்கையும் விடவில்லை. அவை அவரை விட்டன. ஆக, வினாத்தாள் அச்சடித்துத் தரும் அந்த 40 மதிப்பெண் சாய்ஸ், படித்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. படிக்காதவருக்காக அரசு இரக்கப்பட்டுத் தந்தது என்று நெடுங்காலமாக நம்பப்பட்டுவருவது இதனால் மறுக்கப்படுகிறது.

இரண்டாம் முடிவு, நேரம் வழிப்பட்டது. எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க அரசே நேரம் ஒதுக்கியிருக்கிறது. காலை 10 மணி முதல் 10.10 வரை, வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிஷம். வாரக்கணக்கில் திண்ணையில் எடுத்த தீர்மானங்களெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் ரத்தாகிப் புதிதாக எடுக்கப்படுகின்றன. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையை ஒரு மாதம் முன்கூட்டியே தொடங்குவது நிர்வாகவியலுக்கு ஒவ்வாது.

மூன்றாம் முடிவு, முதல் இரண்டுக்கும் எதிர்த்திசையில் போகிறது, ஆய்வாளருக்கே வியப்பளித்தது. எதை விடலாம் என்று தேடுகிற பிள்ளை என்ன செய்கிறது? பதினைந்து பாடத்தையும் புரட்டுகிறது. ஒவ்வொரு தலைப்பிலும் நின்று, “இது தெரியுமா, தெரியாதா?” என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. எளிய கனச்சதுரம் 52.4, பொருள் மையம் 68, முகப்பு மையம் 74 விழுக்காடு என்று பொதிவுத் திறனை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்து, “இது வந்துடும்” என்று டிக் போடுகிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை முறைத்துப் பார்த்து, “இது வேணாம்” என்று அடிக்கிறது. அடிப்பதற்குள் பாதிச் சமன்பாடு கண்ணில் ஏறிவிடுகிறது. நாளை அதையே எடுத்துப் படித்தால், எபிங்ஹவுஸ் காட்டிய அந்த வரவு கைகொடுக்கும். இதற்குப் பெயர் ரிவிஷன் என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாததால், அது இன்னும் படிக்கத் தொடங்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. செந்துறைப் பையனும் அட்டவணைக்கு ஓரத்தில் பூப் போடுவதை விட்டு, எதைத் தள்ளுவது என்று பதினைந்து பாடத்தையும் கறாராகத் தேடியிருந்தால், அம்மா அதட்டத் தேவையிருந்திருக்காது.

பரிந்துரைகள்: விடுவதைக் கடைசிப் பாடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருக, உலோகவியல் தானாகவே வரும். நட்சத்திரம் போடும் பேனாவை ஆசிரியர் ஜனவரியில் பறிமுதல் செய்க. அட்டவணை எழுதுவோர் பூப் போடாதிருக்க. பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் புதிய புத்தகம் ஒன்று வாங்கித் தருக.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு நூற்பா:

படித்தபின் விடுவது சாய்ஸெனப் படுமே;
படியா தொழிந்தது பாக்கி யாகும்.

இதன் பொருள் வெளிப்படை. ‘படித்தபின்’ என்றதனால் ஒருமுறை புரட்டுதலும் அடங்கும். ‘சாய்ஸ்’ திசைச்சொல். ‘பாக்கி’ என்ற மிகையால், மதிப்பெண் மட்டுமன்றி, தேர்வுக் கட்டணம் திரும்பக் கட்டுதலும், கோடை விடுமுறையில் டியூஷன் போதலும், துணைத் தேர்வும் கொள்க.